பனிக்கு முந்திய வேலை



ஐப்பசியும் கார்த்திகையும் நமது மண்ணுக்கு விழிப்பின் மாதங்கள். மாரி தொடங்கினால் கிணறு ஊறும். காய்ந்து கிடந்த வேலியோரம் பச்சை பிடிக்கும். வயலில் நெல் நிமிரும். வளவில் எந்தத் தடியை ஊன்றினாலும் பிடித்துக்கொள்ளும் என்ற துணிவு நமக்கு வந்துவிடும். அதே மாதங்களில், நம்மவர் பலர் குடியேறி வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தோட்டங்கள் மூடப்படுகின்றன. கடையை மூடலாம், பள்ளிக்கூடத்தை மூடலாம். தோட்டத்தை எப்படி மூடுவது என்று இங்கிருப்பவர்கள் கேட்பார்கள். அங்கே மகனோ மகளோ சகோதரியோ உள்ள குடும்பங்களுக்கு இது ஓரளவு கேட்டுப் பழகிய செய்திதான். எனினும் அந்த வேலைக்குள் ஒரு பழைய ஒழுக்கக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதையே இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

முதலில் அந்த மண்ணின் இயல்பைச் சொல்லவேண்டும். நமது கோடையில் மண் காய்கிறது. ஆனாலும் அது சாவதில்லை. நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் இரண்டு நாளில் முளை காட்டும். அங்கே மண்ணே கல்லாகிறது. ரொறன்ரோவில் வீடு கட்டுவோர் ஏறக்குறைய 4 அடி ஆழத்துக்கு அத்திவாரத்தை இறக்குகிறார்கள். அதற்கு மேலுள்ள மண் மாரியில் உறைந்து வீங்கிக் கட்டடத்தையே தூக்கிவிடக்கூடும் என்பதே காரணம். வீட்டையே தூக்கும் மண் ஒரு கத்தரிச் செடியை என்ன செய்யும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஒக்டோபர் பிறந்ததும் நம்மவர் வீடுகளில் வேலை தொடங்குகிறது. வானிலை அறிக்கையை முன்பு கேட்காதவர்களும் இரவு எத்தனை பாகை என்று கேட்கிறார்கள். உறைபனி விழும் என்று அறிவித்தால், பழைய சேலையும் சாரமும் வெளியே வந்து மிளகாய்க் கன்றுகளின் மேல் போர்வையாகின்றன. நிலத்தில் எஞ்சியிருக்கும் சூட்டை அந்தத் துணி ஓரிரவு பிடித்து வைக்கும். அது ஓரிரவுக்குத்தான். இரண்டாம் மூன்றாம் முறை பனி வரும்போது தோட்டக்காரி தோல்வியை ஒப்புக்கொண்டு, பழுக்காத தக்காளி எல்லாவற்றையும் பிடுங்கிக் கூடையில் போட்டுக் குசினிக்குக் கொண்டுவருகிறாள். கடதாசிப் பையில் மூடி வைத்தால் அவை மெல்ல மெல்லப் பழுக்கும், பழுக்காதவை கறியாகும். பயிற்றங்கொடியும் பாகற்கொடியும் பந்தலிலிருந்து இறங்குகின்றன. கறிவேப்பிலைச் சாடி வீட்டுக்குள் வருகிறது. உள்ளிப் பற்கள் மண்ணுக்குள் போகின்றன.

இவ்வளவும் எதற்காக? ஆறு ஏழு மாதம் கழித்து வரப்போகும் ஒரு பருவத்துக்காக. அதற்கிடையில் யார் இருப்பார், யார் இருக்கமாட்டார் என்பது எவருக்கும் தெரியாது. கேள்வி இங்கேதான் பிறக்கிறது. நாளையைக் குறித்து ஆயத்தம் செய்கிறவன் விவேகியா? அல்லது நாளையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளப் பார்க்கும் நம்பிக்கையற்றவனா?

வேதாகமத்திலேயே இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. மத்தேயு நற்செய்தியில் நம் ஆண்டவர் காட்டுச் செடிகளைச் சுட்டிக்காட்டி, நாளையைப் பற்றிய கவலையை விடச் சொல்கிறார். நீதிமொழிகள் நூலோ, சோம்பேறியை எறும்பினிடம் பாடம் படிக்க அனுப்புகிறது. இரண்டும் அந்தந்த நூலின் ஆறாம் அதிகாரத்திலேயே வருவது தற்செயல்தான். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு அது வசதியான தற்செயல். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவிக்கு அது வசதியானதல்ல. மலரைப் போல் இருப்பதா, எறும்பைப் போல் இருப்பதா? இரண்டும் ஒரே நாளில் முடியாதே!

1274-ஆம் ஆண்டில் மறைந்த புனித தோமஸ் அக்குவினாஸ் இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு எப்போதும் பிடித்தது. அதில் ஒரு தோட்டக்காரனின் மணம் வீசுகிறது. தலையான புண்ணியங்கள் நான்கினுள் முதலாவதாகிய விவேகத்தை ஆராயும்போது, விவேகி என்பவன் தொலைவில் உள்ளதைக் காண்பவன் என்ற பழைய சொல்விளக்கத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். முன்னோக்கு இல்லாத விவேகம் விவேகமே அல்ல என்கிறார். அப்படியானால் கவலை எப்போது குற்றமாகிறது? ஒவ்வொரு காலத்துக்கும் அதற்குரிய ஒரு கவனம் உண்டு என்பது அவருடைய விடை. கோடையில் அறுவடையைப் பற்றிய கவனம் தகும். இலையுதிர் காலத்தில் திராட்சை பறிப்பதைப் பற்றிய கவனம் தகும். கோடையில் நின்றுகொண்டு திராட்சைக்காக மனம் புழுங்குகிறவன், வருங்காலத்தின் சுமையை முன்கூட்டியே இழுத்துத் தலையில் போட்டுக்கொள்கிறான். எறும்பை வேதாகமம் புகழ்வதற்கும் இதுவே காரணமாம்: எறும்பின் கவனம் காலத்துக்கு ஒத்தது. எனவே மலருக்கும் எறும்புக்கும் சண்டை இல்லை. காலம் தவறிய கவனத்துக்கே கவலை என்று பெயர்.

இது ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ஒரு பனிநாட்டுத் தோட்டத்தைப் பார்க்கவேண்டும். அங்கே முந்தினாலும் பிழை, பிந்தினாலும் பிழை.

உள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அங்கே ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் ஊன்றுகிறார்கள். வெகு முந்தி ஊன்றினால் இலை உயரமாக எழும்பிப் பனியில் கருகும். பிந்தினால் வேர் பிடிக்குமுன் மண் இறுகிவிடும். பல்லின் கூர் மேலே பார்க்க, ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து மூடினால், அது குளிருக்குள் வேரை மட்டும் விட்டுக் காத்திருக்கும். அடுத்த ஜூலையில் கிண்டி எடுக்கலாம். இதில் வியப்பு என்னவென்றால், அந்தக் குளிர் உள்ளிக்குப் பகையன்று. போதிய குளிர் படாத பல், பல பற்களாகப் பிரியாமல் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடக்கூடும். ரியூலிப் கிழங்குக்கும் அப்படியே: மூன்று மாதத்துக்கு மேல் குளிருக்குள் கிடந்தால்தான் வசந்தத்தில் ஒழுங்காகப் பூக்கும். ஆகவே தோட்டக்காரி செய்யும் ஆயத்தம் குளிரைத் தடுப்பதற்கானது என்று நாம் இங்கிருந்து எண்ணுவது பாதிதான் உண்மை. சிலவற்றைக் குளிரிலிருந்து காக்கிறாள்; சிலவற்றைக் குளிரிடமே ஒப்படைக்கிறாள்.

போர்வை விடயத்திலும் இதே பாடம். பாத்திக்கு மேல் வைக்கோலோ காய்ந்த இலையோ பரப்புவது மண்ணைச் சூடாக வைப்பதற்காக என்றே முதன்முறை பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில், பல்லாண்டுப் பூச்செடிகளுக்கு மண் நன்றாக இறுகியபின் போர்ப்பதே நல்லது என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள். இடையிடையே வரும் இளவெயிலில் மண் இளகி, மறுபடி உறைந்து, மறுபடி இளகினால், அந்த ஏற்ற இறக்கத்தில் வேர்கள் அறுந்து செடி மண்ணுக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். போர்வை அந்த ஆட்டத்தை நிறுத்துகிறது. குளிர் ஒரே சீராக இருக்கட்டும் என்பதற்காகவே போர்ப்பது! டேலியாக் கிழங்கும் பொறுமையைக் கேட்கிறது. முதல் உறைபனி அதன் இலையைக் கருக்கும் வரை பார்த்திருந்து, பிறகு தண்டை வெட்டிக் கிழங்கைக் கிண்டி, உறையாத குளிர்ந்த இடமொன்றில் வைக்கவேண்டும். ஓகஸ்ட் மாதம் முடிந்தபின் ரோசாவுக்கு உரம் போடுவது அன்பாகத் தோன்றும். அந்த அன்பில் எழும் இளந்தளிர் முதற் பனியிலேயே சாகும். லைலக் செடியை இலையுதிர் காலத்தில் அழகாகக் கத்தரித்து விடுபவர்கள் அடுத்த வசந்தத்தின் பூவையே வெட்டுகிறார்கள். ஏனெனில் அதன் மொட்டுகள் முந்திய கோடையிலேயே கிளையில் உருவாகி அமர்ந்துவிடுகின்றன.

பார்த்தீர்களா, இந்த வேலையில் எத்தனை பங்கு பொறுத்திருத்தல்! கவலைப்படுகிறவன் நிறைய வேலை செய்வான், ஆனால் பொறுத்திருக்க அவனால் முடியாது. கவனத்தையும் கவலையையும் வேறுபடுத்திப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் தோமஸ் அக்குவினாஸ் காட்டிய வழி எல்லா மனிதருக்கும் ஆறுதல் தருமா? சில ஆண்டுகளுக்கு முன் ஸ்காபரோவிலிருந்து ஒரு தாய் எமக்கு எழுதிய கடிதம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. அவர் வலிகாமத்தைச் சேர்ந்தவர். 1995 ஒக்டோபர் 30-ஆம் திகதி இரவு, மழைக்குள், இலட்சக்கணக்கான மக்களோடு தென்மராட்சி நோக்கி நடந்தவர். பின்பு வன்னி, பின்பு கொழும்பு, பின்பு கனடா. அவர் எழுதியது ஏறக்குறைய இது: “சுவாமி, அண்டைக்குப் பின்னேரம்தான் கத்தரி நாற்றுமேடைக்குத் தென்னோலை மறைப்புக் கட்டினனான். மழை அடிச்சுக் குஞ்சு நாத்து படுத்திடும் எண்டு. இரவு விட்டிட்டு வந்தது. இப்பவும் அந்த மாசம் வந்தால் கை தன்பாட்டில வேலை தேடுது. உள்ளி ஊண்டுறன், இலை கூட்டுறன். ஆனால் மனம் கேக்குது, ஆருக்கு, எத்தினை நாளைக்கு எண்டு. ஆயத்தம் செய்தவைக்கும் செய்யாதவைக்கும் அண்டைக்கு ஒரே றோட்டுத்தானே.”

இக்கேள்விக்கு விரைவாகப் பதில் சொல்வது மரியாதையல்ல. ஆயினும் மூன்று விடயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எண்ணுகிறேன்.

பனிக்கு ஒரு வழக்கம் உண்டு. அது சில ஆண்டுகளில் ஒரு கிழமை முந்தலாம், இரண்டு கிழமை பிந்தலாம். பருவங்கள் பழைய ஒழுங்கை மீறுகின்றன என்ற முறைப்பாடு இப்போது எல்லா நாட்டிலும் கேட்கிறது. என்றாலும் பனி வரும் என்பது தெரியும். வழக்கமுள்ள ஒன்றைக் குறித்தே மனிதன் முன்னோக்க முடியும். யுத்தத்துக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை. அது மனிதரின் தீர்மானத்தால் வருவது; முற்றத்தில் நிற்கும் ஒரு தாய்க்கு அந்தத் தீர்மானத்தில் பங்கில்லை. “முன்பே யோசித்து வெளிக்கிட்டிருக்கலாமே” என்று இடம்பெயர்ந்தவர்களைப் பார்த்துச் சொன்னவர்கள் நமக்குள்ளேயே இருந்தார்கள். அது அநீதியான பேச்சு. முன்னோக்கு என்னும் புண்ணியத்தை, பாதிக்கப்பட்டவன்மீது குற்றம் சுமத்தும் தடியாக மாற்றக்கூடாது.

அடுத்தது, அந்த நாற்றுமேடை. அன்று பின்னேரம் மழை இருண்டது, நாற்று சிறிது, ஓலை கையில் இருந்தது. அவர் செய்யவேண்டியதைச் செய்தார். இரவு நேர்ந்தது அந்தப் பின்னேரத்தின் வேலையைப் பொய்யாக்கிவிட்டதா? பலனைக் கொண்டே செயலை அளப்பவர்கள் ஆம் என்பார்கள். நான் இல்லை என்பேன். விவேகம் என்பது நாளையைப் பற்றிய உத்தரவாதம் அல்ல. இன்று கையிலுள்ளதைக் கொண்டு இன்று சரியாகச் செய்தல். தென்னோலை கட்டிய கைகள் அன்று சரியாகவே நடந்தன. அந்த நாற்று வளர்ந்து காய்த்திருந்தால் அவை இன்னும் சரியாக ஆகியிருக்கப் போவதில்லை. அது காயாமற் போனதால் பிழையாகவும் ஆகவில்லை.

இதைச் சொல்லும்போது இழப்பைச் சிறிதாக்குகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். இழப்பு இழப்பே. வீடு போனது, வளவு போனது, அந்த வளவின் மண்ணில் எந்த மூலையில் ஈரம் நிற்கும், எந்த மூலையில் எறும்பு வரும் என்று இருபது ஆண்டுகளாகச் சேர்த்த அறிவும் அதோடு போனது. அதற்குக் காரணமானவர்களின் கணக்கு வேறு. நான் சொல்வது இவ்வளவே: பறிக்கப்பட்டது விளைவு, வேலையின் நேர்மையைப் பறிக்க எவராலும் முடியவில்லை. “ஆருக்கு” என்ற கேள்விக்கு அவருடைய கைகள் ஏற்கெனவே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஜூலையில் அந்த உள்ளியைக் கிண்டுபவர் அவராக இருக்கலாம், பேரப்பிள்ளையாக இருக்கலாம், வீட்டை வாங்கிய முன்பின் அறியாத ஒருவராகவும் இருக்கலாம். உள்ளி யாரென்று கேட்பதில்லை. நாம் பிறந்த வளவில் நின்ற பலாவையும் புளியையும் நட்டவர்கள் நம்மைக் கேட்டா நட்டார்கள்?

இனி, ஆயத்தம் என்றால் எல்லாவற்றையும் துப்புரவாக்குவது என்று எண்ணுகிறோமே, அதையும் சற்றுப் பார்க்கவேண்டும். இங்கே நமது குடும்பங்களோடு எனக்கு ஒரு சிறு வழக்கு உண்டு. கூட்டிப் பெருக்கிய முற்றம் நமது மானம். விடிய எழும்பி ஈர்க்குக் கட்டால் கோடு விழக் கூட்டி, இலைச் சருகை மூலையில் குவித்து எரித்தால்தான் அது வீடு. அந்தப் பழக்கம் விமானத்தில் ஏறிக் கனடாவுக்கும் போயிருக்கிறது. மேப்பிள் மரம் ஒக்டோபரில் உதிர்க்கும் இலை கொஞ்சமா? நகரத்தில் எரிக்க முடியாது. ஆகவே பெரிய கடதாசிப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வைக்கிறார்கள். காய்ந்த தண்டு ஒன்று நின்றால் அயலவர் என்ன நினைப்பார் என்று அதையும் அடியோடு வெட்டுகிறார்கள். வெறும் மண் தெரிந்தால் மனம் ஆறுகிறது.

அந்தச் சருகுக்குள் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். பம்பிள் தேனீ என்ற பெரிய உரோமத் தேனீயின் கூட்டம் முழுவதும், பழைய இராணி உட்பட, பனியோடு இறந்துபோகிறது. அவ்வாண்டு பிறந்து கருவுற்ற இளம் இராணிகள் மட்டும் தப்புகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே சில அங்குலம் மண்ணைக் குடைந்து, பெரும்பாலும் சருகு மூடிய இடத்தில், மாரி முழுவதும் அசையாமல் கிடக்கும். அடுத்த ஆண்டின் தேனீக்கூட்டம் முழுவதும் அந்த ஒற்றை உடம்புக்குள் இருக்கிறது! மொனாக் வண்ணத்துப்பூச்சி மெக்சிக்கோவுக்குப் பறந்துவிடுகிறது. பறக்க முடியாதவை இங்கேயே தங்குகின்றன. கபிலமும் கறுப்புமான ஒரு மயிர்க்கொட்டி உண்டு. அது உடம்பில் உறைவைத் தாங்கும் பொருளைச் சுரந்துகொண்டு, பனிக்கட்டிபோல் உறைந்து, வசந்தத்தில் மீண்டும் நடக்கிறது. காய்ந்த தண்டுகளின் துளைக்குள் சிறு தேனீக்கள் ஒடுங்குகின்றன. சூரியகாந்தியின் காய்ந்த தலையில் எஞ்சிய விதைக்குச் சிட்டுகள் வருகின்றன. அயலவருக்காக நாம் துப்புரவாக்கும்போது குடியெழுப்பப்படுபவர்கள் இவர்கள்தாம். குடியெழுப்பப்படுவது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

நம் முன்னோர் இலையை வெறும் குப்பையாக எண்ணியவர்களும் அல்லர். பூவரசங்குழையை வெட்டித் தோட்டத்தில் தாழ்த்து மண்ணுக்கு ஊட்டியவர்கள் அவர்கள். முற்றத்தில் கோடு விழக் கூட்டிய அதே வீட்டார் தோட்டத்தில் குழை தாழ்த்தார்கள். முற்றம் வேறு, தோட்டம் வேறு என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. அந்தத் தெளிவுதான் விமானத்தில் ஏறவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள் என்று சொல்பவர்களையும் நான் நம்புவதில்லை. சோம்பலுக்குப் பெரிய பெயர் சூட்டுவது மனித இயல்பு. புல்லின் மேல் தடிப்பாகப் படிந்து நனைந்த இலை, புல்லை மூச்சடைத்துக் கொல்லும். அதை வாரிப் பாத்திக்குள் போடவேண்டும். ரோசாவில் கரும்புள்ளி விழுந்த இலைகளையும், அப்பிள் மரத்தின் கீழ் நோய்ப்பட்டு விழுந்தவற்றையும் அகற்றியே ஆகவேண்டும். அழுகல் நோய் பிடித்த உருளைக்கிழங்கு ஒன்று மண்ணுக்குள் உயிரோடு தங்கினால், அடுத்த ஆண்டு தனது வீட்டுக்கு மட்டுமல்ல, அயல் வீட்டுக்கும் அதுவே நோயின் ஊற்றாகலாம். 1845-இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்தின் வேர் இந்த நோயே. ஆகவே நல்ல தண்டு எது, நோய்த் தண்டு எது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கவேண்டும். முழுவதையும் வெட்டுபவனும் முழுவதையும் விடுபவனும் ஒரே காரியத்தையே தவிர்க்கிறார்கள்: குனிந்து பார்ப்பதை.

கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் கனடா வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். நமது வளவில் யாரும் கவனியாமலே கிணற்றடியில் வளரும் மரம், அங்கே சாடிக்குள் செல்லப்பிள்ளை. இரவு 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்குமுன் அது உள்ளே வந்துவிடுகிறது. வெயில் படும் யன்னல் அதற்கே. அப்படியிருந்தும் டிசம்பரில் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும். வீட்டார் பதைத்துப்போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள். இன்னும் உதிரும். இன்னும் ஊற்றுவார்கள். அந்தச் செடி வெளிச்சம் குறைந்த மாதங்களில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வெடுக்கிறது. அப்போது அதற்கு மிகச் சொற்ப நீரே வேண்டும். பல கறிவேப்பிலைகள் குளிரால் சாவதில்லை, வேர் அழுகியே சாகின்றன. கொன்றது அன்பு.

தோமஸ் அக்குவினாஸ் கவலையின் குற்றங்களுள் ஒன்றாக, மிதமிஞ்சிய அச்சத்தைச் சொல்கிறார்: தன் கடமையைச் செய்தபின்னும் எல்லாம் இல்லாமற் போய்விடுமோ என்று நடுங்குவது. இந்த நடுக்கம் சாடியோடு நிற்பதில்லை. ஊரிலிருந்து அழைத்த வயோதிபத் தாயைப் பார்த்து, “அம்மா, வெளியில போகாதேங்கோ, குளிர், குசினிக்குள்ள நிக்காதேங்கோ, நாங்கள் பாக்கிறம், அந்த மண்ணைக் கிண்டாதேங்கோ, இடுப்பு நோகும்” என்று சொல்லும் பிள்ளைகளை நான் குறைகூற வரவில்லை. அவர்களுடைய அன்பு உண்மையானது. ஆனால் ஒக்டோபர் மாதத்தில் அந்தத் தாய் ஒரு பழைய மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு பின்வளவில் உள்ளி ஊன்றுவதை ஏன் தடுக்கிறீர்கள்? அந்த வீட்டில் அவருக்குத் தெரிந்ததும் உங்களுக்குத் தெரியாததும் அது ஒன்றுதான். ஒரு சிறு முக்காலியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பற்களைப் பிரித்துக் கொடுங்கள். கூர் எந்தப் பக்கம் என்று அவர் சொல்லட்டும்.

மீதி வேலைகளை இளையவர்கள் செய்யலாம். ரோசாவின் அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மண் அணைக்கவேண்டும். பச்சை மாறாத செடிகளுக்கு நிலம் இறுகுமுன் ஒருமுறை ஆழமாக நீர் ஊற்றவேண்டும்; மாரிக் காற்று அவற்றின் ஈரத்தைக் குடிக்கும்போது வேருக்கு எடுக்க எதுவும் இராது. வெளிக் குழாயை உள்ளிருந்து பூட்டி, அதில் மிஞ்சிய நீரை வடியவிடவேண்டும். நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பருக்கும்; அதைத் தாங்கும் குழாய் இல்லை. கீரையினத்தில் கேல் போன்றவற்றையும் கரட்டையும் அவசரப்பட்டுப் பிடுங்கவேண்டாம். ஓரிரு பனி பட்டபின் அவை முன்னிலும் இனிக்கும்.

உள்ளி ஊன்றிய பாத்தியின் நான்கு மூலையிலும் நான்கு தடிகளை இப்போதே நாட்டி வையுங்கள். ஜனவரியில் எல்லாம் ஒரே வெள்ளையாக இருக்கும்போது, பனியை வாரிக் கொட்டும் பேரப்பிள்ளைக்கு எங்கே மிதிக்கக்கூடாது என்பது தெரியவேண்டும்.